கிறீன் டீ குடிச்சா கொழுப்பு எவ்வளவு குறையும்? மாமாட ரிப்போட்டை வச்சு ஒரு கணக்கு

மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடியில இருக்கிற எங்கட மாமாவுக்கு இப்ப 63 வயசு, பென்ஷன் எடுத்து வீட்டோட இருக்கிற ஆள், காலையில பேப்பர், பின்னேரம் கடற்கரை, நடுவுல முழுக்க போன். ரெண்டு வருஷத்துக்கு முந்தி கிளினிக்ல லிப்பிட் புரொபைல் செஞ்சு பாத்தப்ப கெட்ட கொழுப்பு எண்டு சொல்ற எல்டிஎல் 162 எண்டு வந்துச்சு (ஒரு டெசிலீட்டர் ரத்தத்துல எத்தனை மில்லிகிராம் எண்ட கணக்கு), டொக்டர் அட்டோவாஸ்டட்டின் 10 மில்லிகிராம் குளிசை எழுதிக் குடுத்தார், இரவைக்கு ஒண்டு. மூணு மாசம் கழிச்சு திருப்பி ரத்தம் குத்திப் பாத்தா 98. எல்லாருக்கும் சந்தோசம். மறுகா ஒரு நாள் வட்ஸ்அப்ல யாரோ ஒரு வொயிஸ் அனுப்பியிருக்காங்க, கிறீன் டீ குடிச்சா கொழுப்பு கரைஞ்சு போகுமாம், குளிசை ஈரலைப் பழுதாக்குமாம் எண்டு. அதோட மாமா குளிசைக்கார்டைத் தூக்கி அலுமாரிக்குள்ள போட்டுட்டார். "மருமகன், இனி இந்த வேலை இல்ல, ஒரு நாளைக்கு மூணு கோப்பை, சரி" எண்டார்.

நாலு மாசம் நல்ல பிள்ளை மாதிரிக் குடிச்சார். மறுகா செஞ்ச டெஸ்ட்ல எல்டிஎல் 155.

இதுலதான் சண்டை. மாமா சொல்றார் 162 இருந்தது 155 ஆகியிருக்கு, 7 குறைஞ்சிருக்கு, அப்ப கிறீன் டீ வேலை செய்யுதுதானே எண்டு. மாமி ரிப்போட்டைக் கையில வச்சுக்கொண்டு "98 இருந்ததை 155 ஆக்கிட்டு நிண்டு கதைக்கிறார் பாருங்க மருமகன்" எண்டு என்னைப் பாக்கிறா. ரெண்டு பேரும் ஒரே பேப்பரைத்தான் பாக்காங்க. நான் அண்டைக்கு ஒண்டும் சொல்லல்ல, பிட்டைச் சாப்பிட்டுட்டு வந்துட்டன், ஆனா மண்டைக்குள்ள நிண்டுச்சு. உண்மையில இந்த 7 எங்கிருந்து வந்துச்சு? வந்து தேடிப் படிச்சதைத்தான் இஞ்ச எழுதுறன், ஏனெண்டா இதே கதை எங்கட ஊர்ல வீட்டுக்கு வீடு நடக்குது, கல்முனையில ஒரு மாமா, ஏறாவூர்ல ஒரு சாச்சா, அக்கரைப்பத்துல ஒரு பெரியம்மா எண்டு.

முதல்ல இலையைப் பாப்பம். கிறீன் டீயும் நாம குடிக்கிற வெறுந்தேத்தண்ணியும் ஒரே மரம்தான், ஒரே கொழுந்துதான், கனபேருக்கு இது தெரியாது, கிறீன் டீ எண்டா ஏதோ வேற மூலிகை எண்டு நினைக்காங்க. 1867ல ஜேம்ஸ் டெய்லர் கண்டிப் பக்கம் லூல்கந்துரயில நட்ட அதே தேயிலைச் செடிதான். வித்தியாசம் கொழுந்து பறிச்சதுக்குப் பிறகு நடக்குது. கறுப்புத் தேயிலைக்கு இலையை வாட விட்டு உருட்டி நசுக்கிக் காத்துப் பட விடுவாங்க, அப்ப இலைக்குள்ள இருக்கிற நொதியம் வேலை செஞ்சு கட்டெச்சின் எண்ட பொருளையெல்லாம் தியாஃபிளேவின், தியாரூபிஜின் எண்டு வேற பொருளா மாத்தும், சாயம் வாறது அதாலதான். கிறீன் டீக்கு இலையை உடனே ஆவியில அவிச்சோ தாச்சியில வறுத்தோ அந்த நொதியத்தைச் சாகடிச்சுருவாங்க, அதால கட்டெச்சின் அப்படியே நிக்கும். அதுல முக்கியமான ஆளுக்குப் பேர் ஈஜிசிஜி. எங்கட நாட்டுல தோட்டத்துல செய்யிறதுல கிறீன் டீ ரொம்பச் சின்னப் பங்குதான், மட்டக்களப்புக் கடைகளுக்கு வாறது அநேகமா டஸ்ட் தேயிலை, கிறீன் டீ எண்டா பெட்டியில 25 பையோட சுப்பர்மார்க்கட்ல நிக்கும்.

சரி இந்த ஈஜிசிஜி கொழுப்பை "கரைக்குமா"? இந்தச் சொல்லைத்தான் முதல்ல தூக்கி எறியோணும். ரத்தக்குழாயில படிஞ்சதை தேத்தண்ணி போய்க் கரைக்கிறது எண்டு ஒண்டு இல்ல. நடக்கிறது வயித்துக்குள்ள, குடல்ல. சொதி காச்சின சட்டியை வெறும் தண்ணியில கழுவினா எண்ணெய் போகாது, சவுக்காரம் போட்டாத்தான் எண்ணெய் சின்னச் சின்னத் துளியாப் பிரிஞ்சு தண்ணியோட போகும் தானே. எங்கட குடலுக்குள்ள அந்தச் சவுக்கார வேலையைச் செய்யிறது பித்தம். கொழுப்பையும் கொலஸ்ட்ரோலையும் சின்ன உருண்டையாக்கி தண்ணிக்குள்ள மிதக்க வைக்கும், அந்த உருண்டையில இருந்துதான் குடல் கொலஸ்ட்ரோலை உறிஞ்சும். கட்டெச்சின் இடையில பூந்தா அந்த உருண்டைக்குள்ள கொலஸ்ட்ரோல் சரியா நிக்க மாட்டாம வெளிய விழுந்துரும், விழுந்தது மலத்தோட போயிரும். சாப்பாட்டுல வாற கொலஸ்ட்ரோல் மட்டுமில்ல, ஈரல் பித்தத்தோட சேத்து அனுப்புற கொலஸ்ட்ரோலும் இந்த வழியாத்தான் திருப்பி உள்ள போறது, அதுலயும் கொஞ்சம் வெளிய போகும். ஈரலுக்கு வரவு குறைஞ்சா அது ரத்தத்துல இருக்கிற எல்டிஎல்லைப் பிடிச்சு இழுத்துக்கொள்ளும். ஆய்வுகூடத்துல கலங்களை வச்சுப் பாத்தப்ப எல்டிஎல்லைப் பிடிக்கிற வாங்கிகள் கூடுறதும் தெரிஞ்சிருக்கு. ஆக வழி இருக்கு, கட்டுக்கதை இல்ல.

எவ்வளவு எண்டதுதான் கேள்வி. 2011ல 14 ஆய்வுகளைச் சேத்து, 1136 பேரோட கணக்கைப் பாத்தாங்க, மொத்தக் கொலஸ்ட்ரோல் 7.2 புள்ளி குறைஞ்சிருக்கு, எல்டிஎல் 2.2 தான் குறைஞ்சிருக்கு. 2020ல இன்னும் பெரிசா 31 ஆய்வு, 3321 பேர், அதுல மொத்தம் 4.7, எல்டிஎல் 4.6 அளவு. நல்ல கொழுப்பு எண்டு சொல்ற எச்டிஎல் ரெண்டுலயும் அசையல்ல. 2013ல, மருத்துவ ஆய்வுகளைச் சேத்து அலசுற கொக்ரேன் குழு செஞ்ச தொகுப்புல மட்டும் இதை விடக் கனக்கக் குறைஞ்சது, ஆனா அதுல எடுத்த ஆய்வுகள் கொஞ்சம்தான், கறுப்புத் தேயிலையையும் சேத்து மொத்தமே 821 பேர், அவங்களே இன்னும் பெரிய ஆய்வு வேணும் எண்டுதான் முடிச்சாங்க. கூட்டிக் கழிச்சுப் பாத்தா எல்டிஎல்ல ரெண்டு முதல் அஞ்சு புள்ளி. அதுவும் கனக்க ஆய்வுல குடுத்தது சும்மா டீ பேக் இல்ல, சாறு பிழிஞ்சு செறிவாக்கின குளிசை, ஒரு நாளைக்கு 145 மில்லிகிராம் கட்டெச்சின்ல இருந்து 3000 வரைக்கும் குடுத்திருக்காங்க. ஒரு பையை ஊத்தினா கோப்பைக்குள்ள ஈஜிசிஜி 50 முதல் 100 மில்லிகிராம் வரும், அதுவும் நல்ல தேயிலை எண்டா. மாமா ஒரு பையை ரெண்டு தரம் ஊத்துற ஆள், ரெண்டாந்தரம் வாறது பேருக்குத்தான்.

அப்ப மாமாட 7? இதைத்தான் நான் கனநேரம் யோசிச்சன்.

எல்டிஎல் எண்டது ஒரு ஆளுக்கு எப்பவும் ஒரே நம்பர்ல நிக்கிற சாமான் இல்ல. குளிசையும் இல்லாம கிறீன் டீயும் இல்லாம, சாப்பாட்டையும் மாத்தாம, இண்டைக்கு ஒருக்கா அடுத்த கிழமை ஒருக்கா ரத்தம் குடுத்தாலே எட்டு வீதம் அளவுக்கு மேல கீழ போகும், அது உடம்போட இயல்பு. 160 எண்டா எட்டு வீதம் கிட்டத்தட்ட 13 புள்ளி. அதுக்கு மேல லேப்போட சின்னச் சின்ன வித்தியாசம் வேற. இன்னொண்டு, கனக்க இடத்துல எல்டிஎல்லை நேரா அளக்கிறதே இல்ல, 1972ல வந்த ஃப்ரீடுவால்ட் எண்ட கணக்கை வச்சு, மொத்தக் கொலஸ்ட்ரோல்ல இருந்து எச்டிஎல்லைக் கழிச்சு, ட்ரைகிளிசரைட் எண்ட இன்னொரு வகைக் கொழுப்பை அஞ்சால பிரிச்சு அதையும் கழிச்சு வாறதைத்தான் எழுதுறாங்க. மூணு நம்பர்ல ஏதாவது ஒண்டு ஆடினா எல்டிஎல்லும் ஆடும். முதல் நாள் ராவு கலியாண வீட்டுல நல்லா ஒரு பிடி பிடிச்சுட்டு விடிய ரத்தம் குடுக்கப் போனா ட்ரைகிளிசரைட் ஒரு பக்கம் போயிருக்கும், எல்டிஎல் கணக்கும் அதோட சேந்து மாறும்.

அதால 162க்கும் 155க்கும் இடையில இருக்கிற 7 கிறீன் டீயால வந்ததா, சும்மா ஆடினதா எண்டு மாமாவாலயும் சொல்ல ஏலா, மாமியாலயும் ஏலா, டொக்டராலயும் ஏலா. நெல்லு மூட்டை நிறுக்கிற தராசு ரெண்டு கிலோ முன்னப் பின்ன ஆடுது எண்டு வைங்க. நீங்க ஒரு மூட்டையில இருந்து ஒரு கொத்து நெல்லை எடுத்துட்டு நிறுத்துப் பாத்து குறைஞ்சிருக்கா இல்லையா எண்டு சொல்ல ஏலுமா? ஏலா. ஆனா மூவாயிரம் மூட்டையில ஒவ்வொரு கொத்து எடுத்துட்டு, எடுக்காத மூவாயிரத்தோட கூட்டிப் பாத்தா தெரிஞ்சிரும், ஆட்டம் ஒண்டையொண்டு அடிச்சு விட்டுரும், கொத்து மட்டும் மிஞ்சும். 3321 பேர் தேவைப்பட்டதுக்குக் காரணம் அதுதான். அதாலதான் "நான் குடிச்சன் எனக்கு 20 குறைஞ்சது" எண்டு சொல்றவரையும் "நான் குடிச்சன் ஒண்டும் நடக்கல்ல" எண்டு சொல்றவரையும் ரெண்டு பேரையும் நான் கணக்குல எடுக்கிறதில்ல, ரெண்டு பேரும் பொய் சொல்லல்ல, ஆனா ரெண்டு பேரும் ஒரு மூட்டையை ஆடுற தராசுல வச்ச ஆக்கள்.

162 98 ஆனது வேற கதை. அது 64 புள்ளி, கிட்டத்தட்ட 40 வீதம். எந்தத் தராசு ஆட்டத்துக்கும் அப்பாற்பட்டது. அட்டோவாஸ்டட்டின் 10 மில்லிகிராம் சாதாரணமாக் குறைக்கிற அளவும் அதுக்குக் கிட்டத்தான்.

அட்டோவாஸ்டட்டின் ஸ்டேட்டின் எண்ட குளிசை வகையில ஒண்டு, அந்த வகையோட கதையும் சும்மா கதை இல்ல. "இங்கிலிஷ் மருந்து, கெமிக்கல், கிறீன் டீ எண்டா இயற்கை" எண்டு மாமா சொல்லும் போது எனக்குச் சிரிப்பு வந்தது ஏனெண்டா முதல் ஸ்டேட்டினைக் கண்டுபிடிச்சது கிறீன் டீயை விடிய எழும்பினதும் குடிக்கிற அதே யப்பான்காரர், அகிரா எண்டோ எண்டு பேர். 1970கள்ல ஆறாயிரத்துக்கு மேல பூஞ்சண வகைகளை ஒவ்வொண்டாச் சோதிச்சார், கடைசியா அகப்பட்டது கியோட்டோவில ஒரு தானியக் கடையில எடுத்த அரிசியில வளந்த நீலப் பச்சைப் பூஞ்சணம். எங்கட வீட்டுல அரிசிப் பானையில ஈரம் பட்டா பிடிக்குமே, அந்தச் சாதிதான். அதுல இருந்து எடுத்த பொருள் ஈரல் கொலஸ்ட்ரோல் செய்யிற இடத்துலயே போய்ப் பூட்டுப் போட்டுது. அதே வகை மருந்து 1987ல லோவாஸ்டட்டின் எண்டு அமெரிக்காவில விற்பனைக்கு வந்தது. எண்டோ 2024ல காலமானார். அப்ப இலை இயற்கை எண்டா பூஞ்சணமும் இயற்கைதான், நெல்லு விளையிற ஊர்க்காரனுக்கு இது விளங்காம இருக்க ஏலா.

ஏன் பூட்டுக்கு அவ்வளவு பலன், தேத்தண்ணிக்கு இவ்வளவுதான் எண்டா, உடம்புல இருக்கிற கொலஸ்ட்ரோல்ல பெரிய பங்கு நாம திண்டு வாறதில்ல, உடம்பே செய்யிறது. கிறீன் டீ வாசல்ல நிண்டு உள்ள வாறதைக் கொஞ்சம் மறிக்குது, ஸ்டேட்டின் உள்ள இருக்கிற அடுப்பையே குறைக்குது. குடல்ல மறிக்கிற மருந்தும் ஒண்டு இருக்கு, எசெட்டிமைப் எண்டு, அது அதுக்கெண்டே செஞ்ச மருந்து, அதுவே தனியக் குடுத்தா 18 வீதம் அளவுதான் குறைக்கும். அப்ப ஒரு இலைச்சாறு எவ்வளவு செய்யும் எண்டு நீங்களே யோசிங்க.

இஞ்ச யாராவது "அப்ப யப்பான்ல எல்லாரும் நல்லா இருக்காங்களே" எண்டு கேப்பாங்க. கேக்க வேண்டிய கேள்விதான். வடகிழக்கு யப்பான்ல மியாகி எண்ட மாகாணத்துல 1994ல தொடங்கி 40,530 பேரைப் பின்தொடந்து பாத்தாங்க, 2006ல முடிவு வந்தது. ஒரு நாளைக்கு அஞ்சு கோப்பையோ அதுக்கு மேலயோ குடிக்கிறவங்க, ஒரு கோப்பையும் ஒழுங்காக் குடிக்காதவங்களை விட இதய, ரத்தக்குழாய் வருத்தத்தால சாகிறது 26 வீதம் குறைவு, பொம்பிளையளுக்கு இன்னும் கூட. பெரிய நம்பர். ஆனா அது குடுத்துப் பாத்த ஆய்வு இல்ல, குடிக்கிறவங்களைப் பாத்த ஆய்வு, அஞ்சு கோப்பை குடிக்கிறவர் வேற என்ன செய்யிறார், என்ன சாப்பிடுறார் எண்டதை முழுசாப் பிரிச்செடுக்க ஏலா. இன்னொண்டு அவங்கட கோப்பை 100 மில்லிலீட்டர், சீனி இல்ல, பால் இல்ல. எங்கட மக் ஒண்டுக்குள்ள அவங்கட ரெண்டரைக் கோப்பை போகும். அதுக்கு முதல் வருஷம் 2005ல ஒரு யப்பான் தேயிலைக் கொம்பனி, அமெரிக்காவில உணவையும் மருந்தையும் கட்டுப்படுத்துற எஃப்டிஏவிட்ட போய், கிறீன் டீ இதய வருத்தத்தைக் குறைக்கும் எண்டு பெட்டியில எழுத அனுமதி கேட்டது, ஆதாரம் போதாது எண்டு 2006ல மறுத்துட்டாங்க. பெட்டியில எழுத விடாததை வட்ஸ்அப்ல எழுத யாரும் அனுமதி கேக்கிறதில்ல.

எல்டிஎல் குறையிறதால உண்மையில என்ன கிடைக்கும் எண்டும் ஒரு கணக்கு இருக்கு. ஸ்டேட்டின் ஆய்வுகள் 26ஐ, ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேரைச் சேத்து 2010ல வந்த தொகுப்புல, எல்டிஎல் 39 புள்ளி குறைஞ்சா மாரடைப்பு, பக்கவாதம் மாதிரிப் பெரிய விசயங்கள் 22 வீதம் அளவு குறையுது எண்டு கண்டாங்க. அதையே பிடிச்சுப் பாத்தா அஞ்சு புள்ளிக்கு மூணு வீதம். ஒண்டும் இல்ல எண்டு சொல்ல மாட்டன். ஆனா ஏற்கனவே ஒருக்கா அட்டாக் வந்த ஆள், சீனி வருத்தம் இருக்கிற ஆள், எல்டிஎல் 70க்குக் கீழ வேணும் எண்டு டொக்டர் சொல்லியிருக்கிற ஆள், அவர் இந்த மூணு வீதத்தை நம்பி அந்த 22ஐயும் அதுக்கு மேலயும் தூக்கி எறியிறது நட்டக் கணக்கு.

ஆனாலும் நான் மாமாட கிறீன் டீயை நிப்பாட்டச் சொல்லல்ல. ஏன் எண்டா அவர் அதுக்கு முந்தி குடிச்சது என்ன எண்டு எனக்குத் தெரியும். நானே எத்தனை தரம் ஊத்திக் குடுத்திருக்கன். ரெண்டு பெரிய கரண்டி முழு ஆடைப் பால்மா, ரெண்டு கரண்டி சீனி, சாயம் நல்லாக் கறுப்பா ஊத்தி ரெண்டு கோப்பைக்கு நடுவுல உயரத் தூக்கி ஆத்தி, மேல நுரை நிக்கோணும், நுரை இல்லாட்டி திருப்பி அனுப்புவார். அப்படி மூணு தரம் ஒரு நாளைக்கு. முழு ஆடைப் பால்மாவில நாலில ஒண்டுக்கு மேல கொழுப்பு, அந்தக் கொழுப்புல பாதிக்கு மேல நிரம்பின கொழுப்பு, எல்டிஎல்லை ஏத்துற வகை. ரெண்டு கரண்டி ஒரு 18 கிராம் எண்டு பிடிச்சா ஒரு கோப்பைக்கு மூணு கிராம் நிரம்பின கொழுப்பு, மூணு கோப்பைக்கு ஒன்பது. 2000 கலோரி சாப்பிடுற ஆளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்ற எல்லை ஒரு நாளைக்கு 22 கிராம் அளவு, அப்ப அதுல நாப்பது வீதம் பிளேட்டைத் தொட முந்தியே முடிஞ்சு போச்சு. சீனி ட்ரைகிளிசரைட்டுக்கு வேற. இந்த மூணு பால் தேத்தண்ணியை எடுத்துட்டு அந்த இடத்துல கிறீன் டீ வந்தா, கட்டெச்சின் ஒண்டும் செய்யாட்டியும் லாபம்தான். என்னைக் கேட்டா எங்கட ஆக்களுக்கு கிறீன் டீயால கிடைக்கிற நன்மையில பெரிய பங்கு கோப்பைக்குள்ள வராம விட்டதாலதான்.

அப்ப வெறுந்தேத்தண்ணி குடிச்சா என்ன எண்டு கேட்டா, நானும் அதைத்தான் கேக்கிறன். கறுப்புத் தேயிலையை வச்சும் ஆய்வு செஞ்சிருக்காங்க, சில தொகுப்புல எல்டிஎல் கிறீன் டீ அளவுக்கே நாலஞ்சு புள்ளி குறையுது, வேற சிலதுல வித்தியாசம் தெரியல்ல. டஸ்ட் தேயிலையில ஒரு பிளேன் டீ, சீனி இல்லாம, கொஞ்சம் இஞ்சி தட்டிப் போட்டு, வேணுமெண்டா தேசிக்காய் ரெண்டு துளி விட்டுக் குடிச்சா கிறீன் டீக்குப் பெரிசாப் பின்னால நிக்காது. விலை பாதியும் வராது. ஆனா சீனி இல்லாத பிளேன் டீ எண்டா எங்கட ஆக்கள் மூஞ்சியைச் சுளிப்பாங்க, கிறீன் டீ எண்டா மருந்து எண்டு நினைச்சு கைப்போட குடிப்பாங்க. அந்த மனசுக்காகவே பெட்டிக் காசு குடுக்கலாம் போல.

மாமா தொடக்கத்துல கிறீன் டீக்கும் சீனி போட்டார், ரெண்டு கரண்டி. மாமி கண்டுபிடிச்சா. அதுக்குப் பிறகு பனங்கட்டி கடிச்சுக் குடிச்சார், அது இயற்கையாம்.

தேங்காயைச் சொல்லாம இந்தக் கதை முடியாது, சொன்னா அடி விழும் எண்டும் தெரியும். விடிய பிட்டுக்குத் தேங்காய்ப்பூ, இடியப்பத்துக்குச் சொதி, மத்தியானம் பால் விட்ட மீன் கறி, பக்கத்துல சம்பல், பின்னேரம் தேங்காய் எண்ணெயில பொரிச்ச வடை. துருவின தேங்காய் 100 கிராம்ல 30 கிராம் அளவு நிரம்பின கொழுப்பு இருக்கு. தேங்காய் எண்ணெயை மத்த மரக்கறி எண்ணெயோட ஒப்பிட்ட 16 ஆய்வை 2020ல சேத்துப் பாத்ததுல எல்டிஎல் பத்துப் புள்ளி அளவு கூடுது எண்டு வந்துச்சு. கிறீன் டீ குறைக்கிற அஞ்சைப் பக்கத்துல வச்சுப் பாருங்க. எங்கட அப்பப்பா காலத்துல தேங்காய்தானே சாப்பிட்டாங்க, நல்லாத்தானே இருந்தாங்க எண்டு கேப்பாங்க. இருந்தாங்கதான், அவர் வயலுக்கு நடந்து போய் சூடடிச்சுட்டு வந்த ஆள், மாமா கேட்டடிக்குப் போறதுக்கும் மோட்டர் சைக்கிளை ஸ்டார்ட் பண்ற ஆள், அதுவும் அப்பப்பாக்கு யாரும் லிப்பிட் புரொபைல் செஞ்சு பாக்கவும் இல்ல. தேங்காயை விடச் சொல்லல்ல, என்னாலயே விட ஏலா, முதற்பாலைக் குறைச்சு ரெண்டாம் பால்ல கறி வைக்கலாம், பொரியலைக் கிழமைக்கு ஒருக்காவாக்கலாம். இறாலுக்குப் பயந்து வாவி இறாலையே விட்ட ஆக்கள் இருக்காங்க, இறால்ல கொலஸ்ட்ரோல் உண்மையிலயே கூடத்தான் ஆனா நிரம்பின கொழுப்பு ரொம்பக் குறைவு, எல்டிஎல்லை ஏத்திறதுல பின்னதுதான் பெரிய ஆள். இறாலை விட்டுட்டு இறால் கறியில விடுற தேங்காய்ப்பாலை விடாம இருக்கிறது என்ன கணக்கு எண்டு எனக்கு விளங்கல்ல.

இனிக் கவனமா இருக்க வேண்டிய இடம். கோப்பையில குடிக்கிற கிறீன் டீ சாதாரண ஆளுக்குப் பயமில்லாத சாமான். பயம் குளிசையாவும் பொடியாவும் வாற கிறீன் டீ சாறுல. பேஸ்புக்ல உடம்பு மெலிய எண்டு விக்கிற பக்கட்டுகள்ல அது கனக்க இருக்கும், எவ்வளவு எண்டு ஒழுங்கா எழுதியிருக்காது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018ல பாத்துச் சொன்னது, குளிசையா ஒரு நாளைக்கு ஈஜிசிஜி 800 மில்லிகிராமும் அதுக்கு மேலயும் எடுத்தா ஈரல் நொதியங்கள் ஏறுறது தெரியுது எண்டு. அபூர்வமா சில பேருக்கு ஈரல் நல்லாவே பழுதாகியிருக்கு, வெறும் வயித்துல எடுத்தா இன்னும் மோசம். ஸ்டேட்டின் ஈரலைப் பழுதாக்கும் எண்டு பயந்து அதை விட்டுட்டு இந்தக் குளிசைக்கு மாறினா கதை எப்படிப் போகும் எண்டு பாருங்க. கண் மஞ்சளாகி, மூத்திரம் கோப்பி நிறமாப் போனா உடனே நிப்பாட்டி ஆசுபத்திரிக்குப் போகோணும்.

இரும்புச்சத்தும் ஒரு பிரச்சினை. தேயிலை எதுவா இருந்தாலும் சாப்பாட்டோட குடிச்சா கீரை, பருப்பு மாதிரி மரக்கறியில இருந்து வாற இரும்பை உடம்பு எடுக்கிறதைக் குறைக்கும். ரத்தம் குறைவு எண்டு சொன்ன பிள்ளைகள், வயித்துல பிள்ளையோட இருக்கிறவங்க, மாமாக்குப் பாத்து தாங்களும் சாப்பிட்ட கையோட குடிக்க வேணாம், ஒரு மணித்தியாலம் விட்டுக் குடிச்சா அந்தப் பாதிப்பு கனக்கக் குறையும். ரத்தம் கட்டியாகாம இருக்கக் குடுக்கிற வோபரின் குளிசை குடிக்கிறவங்க திடீரெண்டு ஒரு நாளைக்கு ஏழெட்டுக் கோப்பை எண்டு தொடங்கிறதுக்கு முந்தி கிளினிக்ல சொல்லோணும், தேயிலையில விட்டமின் கே இருக்கு, கொஞ்சமாக் குடிச்சா ஒண்டுமில்ல. நடோலோல் எண்ட பிரஷர் மருந்தை கிறீன் டீ உடம்புக்குள்ள போக விடாம நல்லாவே மறிச்சதை யப்பான்லயே சோதிச்சுக் காட்டியிருக்காங்க. அதால எந்தக் குளிசையையும் கிறீன் டீயால விழுங்காம தண்ணியால விழுங்கிறது நல்லம்.

ஊத்துறதுல பெரிய வித்தை இல்ல. கொதிச்ச தண்ணியை ரெண்டு மூணு நிமிசம் ஆற விட்டு ஊத்தச் சொல்றது கைக்காம இருக்கத்தான், கட்டெச்சின் சூடு கூடினா இன்னும் கூடத்தான் இறங்கும். மூணு நிமிசம் போதும். தேசிக்காய் விட்டா கட்டெச்சின் குடல்ல அழியாம நிக்கிறது கூடுது எண்டு ஆய்வுகூடச் சோதனையில கண்டிருக்காங்க, மனுசர்ல அது எவ்வளவு பலன் குடுக்கும் எண்டது வேற விசயம், ருசி கூடும் எண்டதுல சந்தேகமில்ல.

மாமாவுக்கு இதெல்லாம் ஒரே நாள்ல சொல்லல்ல. ஒரு ஞாயித்துக்கிழமை போயிருந்து, அந்தத் தராசுக் கதையைச் சொன்னன், வயல்க்காரன் எண்டபடியா அது பிடிச்சுக்கொண்டுது. கியோட்டோ அரிசிக் கதையைச் சொல்லும் போது எழும்பி வந்து பக்கத்துல இருந்தார். மறுகா கிளினிக்குக் கூட்டிப் போனம், டொக்டர் ஏசுவார் எண்டு பயந்துகொண்டு வந்தார், அவர் ஏசல்ல, ஈரலுக்கு ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்து நல்லா இருக்கு எண்டு காட்டிட்டு அதே 10 மில்லிகிராம் குளிசையைத் திருப்பி எழுதினார். கிறீன் டீ குடிக்கலாமா எண்டு மாமா கேட்டார். தாராளமா, சீனி போடாம எண்டார்.

மூணு மாசத்தால வந்த ரிப்போட்டை மாமா தான் போன்ல படம் எடுத்து அனுப்பினார், எல்டிஎல் 94. கீழ ஒரு வொயிஸ். "மருமகன், போன முறை குளிசை மட்டும் குடிச்சப்ப 98, இப்ப 94. அப்ப அந்த நாலு கிறீன் டீட கணக்குத்தானே?" தராசு ஆடினதா இருக்கலாம் மாமா எண்டு டைப் பண்ணினன், மறுகா அழிச்சுட்டு, இருக்கலாம் மாமா எண்டு மட்டும் அனுப்பினன்.